இரும்புச் சாவியும் யூனானிப் பெருமையும்

"யூனானி நம் வைத்தியம்" என்று மேடைதோறும் மார்தட்டுகிறோம். ஆனால் எங்கள் வீரசோழனிலும் சுற்றியுள்ள வானம் பார்த்த ஊர்களிலும் ஒரு பிள்ளைக்குக் காக்காய் வலிப்பு வந்துவிட்டால் நாம் செய்வதென்ன? கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். ஜின்னின் சேட்டை என்கிறோம். தாயத்துக்கும் தகட்டுக்கும் அலைகிறோம். மருத்துவரின் நினைவு கடைசியில்தான் வருகிறது.

யூனான் என்பது கிரேக்க நாட்டுக்கு அரபிகள் வழங்கிய பெயர். அங்கே காஸ் தீவில் கி.மு. 460 அளவில் பிறந்த ஹிப்போகிரட்டீஸே நம் ஹகீம்களின் ஏடுகளில் வரும் புக்ராத். வலிப்பைத் தெய்வத்தின் தீண்டல் என்று கிரேக்கர் அஞ்சிய காலம் அது. அவர் பெயரால் வழங்கும் நூலொன்று அதனை மறுத்தது. பிற நோய்களைப் போன்றே இதற்கும் இயற்கையான காரணமுண்டு, மூளையே இதன் இருப்பிடம், தம் அறியாமையை மறைக்கவே சிலர் தெய்வத்தை இழுத்தனர் என வாதிட்டது. வலிப்புக் கண்ட ஆட்டின் தலையைப் பிளந்து மூளையைப் பார்க்கும்படி சான்றும் காட்டியது. சளியே காரணம் என்ற அதன் விளக்கம் பிழைதான். காரணத்தைத் தேடு என்ற நெறி பிழையன்று.

அந்நெறியையே நம் முன்னோர் ஏற்றனர். ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறித்தவர் ஜாலீனூஸின் நூல்களை மொழிபெயர்த்தார்; முஸ்லிம்கள் ஆவலுடன் கற்றனர். அர்ராஸி ஒருபடி மேலே சென்று, ஜாலீனூஸின் பிழைகளைச் சுட்டியே நூல் எழுதினார். இப்னு சீனா தம் 'கானூன்' நூலில் வலிப்பைத் தலையின் நோய்களுள் வைத்து ஆராய்ந்தார்.

"அப்படியானால் ஓதிப் பார்ப்பதை மறுக்கிறீரா?" என்று சிலர் சினப்பர். துஆ வேண்டாமென்று எவர் சொன்னார்? மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள்தாமே! துஆவைச் சாக்கிட்டு மருந்தை மறுப்பதையே கண்டிக்கிறோம்.

மூளையின் நோயையும் மனத்தின் நோயையும் பேயென்று எண்ணுவதற்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர்களா? பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் அல்லவா!

பெற்றோர்களே! வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிடில் உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள். நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள். முறையாக மருந்துண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

சாவியைப் பூட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு மருந்து கொடுங்கள். அதன்பின் யூனானியின் பெருமையைப் பேசுவோம்.