நாய்க்குச் சர்க்கரை என்றால் வீட்டாருக்கும் பரிசோதனை

வளர்ப்பு நாய்க்குச் சர்க்கரை நோய் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும் வீட்டார் கேட்பது, குணமாகுமா, தினமும் ஊசி போட வேண்டுமா, எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். கடைசியாக உங்கள் சர்க்கரை அளவை எப்போது பார்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்பதில்லை. வீட்டாருக்கும் அது தோன்றுவதில்லை. அதைக் கட்டாயம் கேட்டாக வேண்டும் என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது.

ஸ்வீடனின் சான்று: அந்நாட்டின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2020 டிசம்பரில் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளியானது. நாயும் உரிமையாளருமாக 2,08,980 ஜோடிகள், பூனையும் உரிமையாளருமாக 1,23,566 ஜோடிகள். இவர்களின் உடல்நிலையை 2007 முதல் 2012 வரையிலான பதிவுகளில் ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். சர்க்கரை நோயுள்ள நாயை வளர்ப்பவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 38% அதிகமாக இருந்தது. உரிமையாளருக்கு நோய் இருந்தால் அவருடைய நாய்க்கு வரும் வாய்ப்பு 28% அதிகம். பூனைகளிடம் இப்படியொரு தொடர்பு தென்படவில்லை.

இதை ஸ்வீடனில் செய்ய முடிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண். மருத்துவமனைக் குறிப்பும் மருந்துக் கடையில் வாங்கிய மருந்தும் அந்த எண்ணின் கீழ் சேர்கின்றன. நாயைப் பதிவுசெய்வது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலான நாய்களுக்குக் காப்பீடும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் சிகிச்சைப் பதிவுகளை மனிதர்களின் பதிவுகளோடு இணைத்தபோது இந்த உண்மை வெளிவந்தது.

சர்க்கரை நோய் தொற்றுநோய் அல்ல. நாயிடமிருந்து நமக்கோ, நம்மிடமிருந்து நாய்க்கோ பரவாது. இந்த ஆய்வும் தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாய்க்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் இன்சுலின் சுரப்பே வற்றிப்போகும் வகை. மனிதரின் இரண்டாம் வகையை ஒத்த நோய் பூனைக்குத்தான் வருகிறது. அப்படியிருந்தும் தொடர்பு நாயிடம் தெரிகிறது, பூனையிடம் தெரியவில்லை. இரண்டு உடல்களின் நோய்க்கூறு ஒத்துப்போவதைவிட, இரண்டு உயிர்களின் அன்றாடம் ஒத்துப்போவதுதான் இங்கே முக்கியம் என்று தோன்றுகிறது. பூனை தன் போக்கில் திரியும். நாயின் நடை நம் கையிலிருக்கும் சங்கிலியைப் பொறுத்தது. நாம் நடக்காத நாளில் அதுவும் நடப்பதில்லை. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது: உடல் பருத்தவர்களின் நாய்கள் பருத்திருந்தன, பூனைகளில் அந்தத் தொடர்பு இல்லை.

புகையும் பதற்றமும்: பூனைக்கு வேறு ஆபத்து காத்திருக்கிறது. வீட்டுக்குள் யாராவது புகைபிடித்தால் அந்த நச்சு தரையிலும் மெத்தையிலும் பூனையின் ரோமத்திலும் படிகிறது. விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதில் கழிக்கும் பிராணி அது. ரோமத்தில் படிந்த நச்சு அப்படியே அதன் வயிற்றுக்குள் போகிறது. புகைபிடிப்பவர் உள்ள வீட்டுப் பூனைகளுக்கு லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2002இல் சொன்னது. அதே காற்றைத்தான் அந்த வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது.

மனக்கவலைக்கும் இதே கதைதான். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 58 நாய்களின் ரோமத்தையும் அவற்றை வளர்ப்பவர்களின் தலைமுடியையும் சோதித்தார்கள். மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் முடியில் மாதக்கணக்கில் தங்கும். வளர்ப்பவரின் முடியில் அதன் அளவு கூடியிருந்தால் நாயின் ரோமத்திலும் கூடியிருந்தது. 2019இல் வெளியான இந்த ஆய்வு, நாயின் குணத்தைவிட மனிதரின் குணமே இந்த ஒற்றுமையைத் தீர்மானிப்பதாகவும் கண்டது.

மினமாட்டாவின் பாடம்: விலங்கின் நோயை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா சாட்சி. 1950களில் அந்த மீனவக் குடியிருப்புகளில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று, தள்ளாடி, கடலில் விழுந்து செத்தன. பின்னர் மனிதர்கள் அதே வலிப்பில் விழுந்தார்கள். 1956 மே மாதம் அந்த நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. பூனைகளும் மனிதர்களும் தின்றது ஒரே கடலின் மீன். அந்தக் கடலில் கலந்தது சிஸ்ஸோ ஆலையின் பாதரசம். ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்து அதே நோய் வருவதை ஆலை மருத்துவர் ஹொசோகவா 1959இல் கண்டார். நிர்வாகம் அதை மறைத்தது. அரசு உண்மையை ஏற்க 1968 ஆயிற்று.

நம் வீடுகளில்: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது, தமிழ்நாட்டில் 14.4% பேருக்கு. இதே வீடுகளில்தான் காலைக் காபியோடு நாய்க்கும் இரண்டு பிஸ்கட் போகிறது; இரவு மிஞ்சிய சோறு அதன் தட்டில் விழுகிறது. அடுக்ககத்தில் வளரும் லேப்ரடார் பால்கனிக்கும் வாசலுக்கும் இடையே நாளைக் கழிக்கிறது. அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணுக் கோளாறு உண்டு. அது கெஞ்சுகிறது, நாம் அன்பு என்று நினைத்துக் கொடுக்கிறோம். கதவைத் திறக்கவும் தட்டை நிரப்பவும் முடியாத அந்த ஜீவன் நம் பழக்கத்தின் விலையைத் தன் உடம்பால் கட்டுகிறது. இதை நாம் உணர்ந்தே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கால்நடை மருத்துவமனைச் சீட்டில் வீட்டாரின் சர்க்கரை, எடை, புகைப்பழக்கம் பற்றி ஒரு வரி இருக்கட்டும். மனிதர்களுக்கான மருத்துவரும், வீட்டில் பிராணி உண்டா, அது நலமா என்று கேட்கட்டும். 2021 முதல் வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களின் படிவத்தில் இந்தக் கேள்வியை அரசு சேர்க்கலாம். நாய் உரிமத்துக்குத் தடுப்பூசிச் சான்று கேட்கும் மாநகராட்சி, ஆண்டுக்கொரு முறை அதன் எடையையும் பதிவுசெய்யச் சொல்லலாம்.

வீட்டாரும் செய்ய வேண்டியது உண்டு. நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, நன்றாகத் தின்றும் இளைத்தாலோ, கண்ணில் வெண்மை படர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய்தான் என்று அவர் உறுதிசெய்தால், அதே வாரத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோரும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே அது இலவசம்.