சமாதானமா, அமைதியா?

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘சமாதானம்’ என்றிருக்கும் இடங்கள் பலவற்றில், 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘அமைதி’ என்கிறது. நல்ல தமிழ்தான். ஆனாலும் என் ஓட்டு பழைய சொல்லுக்கே. இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். ரயில் ஓடாத தண்டவாளமும் அமைதியாகத்தான் கிடக்கும்! ‘ஷாலோம்’ என்ற எபிரேயச் சொல்லின் வேர்ப்பொருளோ முழுமை, குறைவின்மை.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் உண்டென்று பலிபீடத்தருகே நினைவு வந்தவனை, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிறார் இயேசு. யார்மேல் தப்பு என்று விசாரிக்கவில்லை.

பாகப்பிரிவினைத் தகராறுக்குப் பின் ஊரிலுள்ள அண்ணன் தம்பியோடு பேசாதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! “சண்டையெல்லாம் இல்லை சார், அமைதியாக இருக்கிறோம்” என்கிறார்கள். தூரமும் வசதியாகப் போயிற்று. கோடை விடுமுறைக்கு டிக்கெட் எடுக்கும்போது அந்த வீட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்களேன்.