என் காணி, என் குளம், என் மீன்

ஒன்ராறியோவில் குடியேறி நீண்ட காலமாகிவிட்ட பழைய நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். நாட்டுப்புறத்தில் குளத்தோடு கூடிய காணி ஒன்று வாங்கியிருக்கிறாராம். "ஸ்மோல்மவுத் பாஸ் விடப்போறன் மச்சான். ஐஞ்சு இறாத்தலுக்கு வளர்த்துப் பிடிச்சுச் சுவரிலை மாட்டுவன்" என்றார்.

ஆசையில் தவறில்லை. ஆனால், கோழி வளர்ப்பதைப் போல வளர்க்கக்கூடிய மீன் அல்ல அது. ஒட்சிசன் நிறைந்த தெளிந்த நீரும், முட்டையிடச் சரளைக்கல் பரவிய அடித்தளமும் வேண்டும். ஆண் மீனே கூடமைத்து முட்டைகளுக்குக் காவல் நிற்கும். இதன் தமையனான லார்ஜ்மவுத் பாஸைக் கூடவே விட்டால் சிறிய குளத்தில் தம்பி ஒடுங்கிவிடுவான். குளிர்நாட்டில் வளர்ச்சியும் மந்தம். ஐந்து இறாத்தலை எட்டப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். உலக சாதனையே 1955இல் அமெரிக்காவின் டேல் ஹொலோ ஏரியில் பிடிபட்ட 11 இறாத்தல் 15 அவுன்ஸ் மீன்தான். (அந்த நிறை குறித்துப் பின்னாளில் எழுந்த சர்ச்சை தனிக்கதை. தூண்டில்காரர் கணக்கல்லவா!)

நண்பர் பொறுமைசாலி, காத்திருப்பார். என் கவலை வேறு. பனி உருகும் காலத்தில் குளத்து நீர் எங்கே போகும் என்று கேட்டேன். பின்புற ஓடைக்குள் வழியுமாம். அங்கே புறூக் டிரவுட் மீன்கள் உண்டாம். "என்ரை காணி, என்ரை குளம், என்ரை மீன்" என்று முடித்துவிட்டார்.

வன்னிக் குளங்கள் வான்பாய்வதைப் பார்த்து வளர்ந்தவர் இப்படிச் சொன்னதுதான் எனக்கு வியப்பு. வான்பாயும் நாளில் மீனுக்கு ஏது உறுதிக்காணி?

ஸ்மோல்மவுத் பாஸ் ஒன்ராறியோவுக்கு உரிய மீன்தான். ஆனால் கனடாவின் எல்லா நீர்நிலைகளுக்கும் உரியதன்று. நியூ பிரன்சுவிக்கின் மிராமிச்சி ஏரியில் 2008இல் அது கண்டுபிடிக்கப்பட்டபோது, அத்திலாந்திக் சால்மன் என்னாகும் என்ற அச்சம் எழுந்தது. 2022இல் அங்குள்ள ஆற்றின் ஒரு பகுதியில் மீன்கொல்லி மருந்து இடவேண்டி வந்தது. தென்னாபிரிக்காவுக்குத் தூண்டில்காரர்களின் பொழுதுபோக்குக்காகவே இம்மீன் கொண்டுசெல்லப்பட்டது. கேப் பகுதி ஆறுகளில் வாழ்ந்த சிறு மீன்களை அது தின்று தீர்த்தது. ரொண்டெகாட் ஆற்றின் ஒரு பகுதியில் 2012இல் நஞ்சிட்டு அதனை அகற்றத் தொடங்கிய பின்னரே உள்ளூர் மீன்கள் அங்கே திரும்பின.

ஏரியில் பிடித்து வாளியில் கொண்டுவராதே, மாகாண அதிகாரிகளிடம் கேள், ஓடைக்கு வழியும் குளமானால் இந்த எண்ணத்தையே விடு என்றேன். நண்பருக்குக் கோபம். இரண்டு வாரங்களாக அழைப்பில்லை.