மண்ணின் உரிமையாளர் யார்?



ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்தும் கதையை உருவகக் கதை என்கிறோம். இம்முறை நமக்குப் புதிதன்று. நல்ல வார்த்தைக்கு வேரூன்றிய மரத்தையும், இறைவழியில் செலவிடும் பொருளுக்கு ஏழு கதிர்களை ஈனும் வித்தையும் திருமறை உவமையாகக் காட்டுகிறது. எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ அரபியில் ஆக்கிய ‘கலீலா வ திம்னா’ பஞ்சதந்திரத்தின் வழிவந்ததே.

இம்மாதம் நாம் காணவிருப்பது வைக்கம் முகம்மது பஷீர் மலையாளத்தில் எழுதி, 1977இல் வெளிவந்த ‘பூமியுடெ அவகாசிகள்’. பூமியின் உரிமையாளர்கள் என்பது அதன் பொருள்.

ஒருவர் தென்னந்தோப்பு ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறார். பத்திரப்படி நிலம் அவருடையதே. ஆயினும் காகமும் அணிலும் வௌவாலும் பாம்பும் அங்கே தத்தம் பங்கைத் தேடி வருகின்றன. அவற்றை விரட்ட வேண்டும் என்கிறார் மனைவி. அவையும் இறைவனின் படைப்புகளே, அவற்றுக்கும் இம்மண்ணில் உரிமை உண்டு என்கிறார் கணவர்.

‘கலீலா வ திம்னா’வில் விலங்குகள் மனிதரைப் போல் வாதிடும். இங்கே வழக்காடுவோர் கணவனும் மனைவியுமே. அதனால் வழக்கு நம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. தேங்காய் குடும்பத்தின் வருவாய் அல்லவா? மனைவியின் முறையீட்டிலும் நியாயம் இருப்பதால்தான் இக்கதை வெறும் அறிவுரையாகச் சுருங்கவில்லை.

கோவிலம்பாக்கத்தில் வாழ்வோருக்கு இவ்வழக்கு மிக அருகில் இருக்கிறது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பரப்பு ஏறத்தாழ 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் அது இதனினும் மிகப் பெரிதாக விரிந்து கிடந்தது. சாலைகளும் கட்டடங்களும் குப்பை மேடும் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. மழைக்காலத்தில் வாசலுக்கு வரும் பாம்பைக் கண்டு, “நம் இடத்தில் பாம்பு வந்துவிட்டது” என்கிறோம். பாம்பிடம் பத்திரம் இல்லை. இருந்திருந்தால் அதில் என்ன எழுதியிருக்கும்?

பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் பாம்பைக் குடியிருத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அடித்துக் கொல்லாமல், தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிவித்துப் பிடித்துச் செல்லச் செய்யலாம். ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டாதிருக்கலாம். ஊர்ந்து செல்லும் உயிர்களும் சிறகடிக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருமறையின் ஆறாம் அத்தியாயம், 38ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. பூனையைக் கட்டிவைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண் தண்டனைக்கு உள்ளானதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

மஃக்ரிப் தொழுகைக்குப் பின் ஒருநாள் இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கணவர் சொல்வது சரியா, மனைவி சொல்வது சரியா என்று கேளுங்கள். தீர்ப்பை மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.