அருகிருப்போர் கடமை

(இரண்டாமாண்டு மாணவி, பி.எஸ்ஸி. வேதியியல்)

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் என்பவை அந்நான்கு. முதல் மூன்றைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? கடந்த ஓராண்டாக அந்த நான்காம் இடத்தில் நிற்பவள் என்ற உரிமையில் சில சொல்ல விரும்புகிறேன்.

என் தந்தை திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் சீமைக்கருவேல் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர். வெற்றிலையும் புகையிலையும் அவருக்குச் சோற்றைப் போல. சென்ற ஆண்டு சோறு தொண்டைக்குக் கீழே நிற்கிறது என்றார். அருப்புக்கோட்டையில் பார்த்தோம், மதுரைக்கு அனுப்பினார்கள். பரிசோதனை அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அந்தத் தாள் என் கைக்கு வந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. படித்து முடித்தபோது, படிக்கத் தெரியாதவளாகவே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன்.

"தாயி, அந்தத் தாள்ல என்ன போட்டிருக்கு?" என்று அப்பா கேட்டார். பெரியப்பா என் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். "புண்ணுதான்ப்பா, ஆறிப்போகும்" என்றேன்.

அன்பினால் சொன்ன பொய்தான். ஆனால் அதன் விளைவைக் கேளுங்கள். குணப்படுத்த முடியாத நிலை என்றாலும், கதிர்வீச்சு கொடுத்தால் விழுங்குவது எளிதாகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்பாவோ, "ஒரு புண்ணுக்கு எதுக்கு மதுரைக்கு அலையணும்?" என்று வர மறுத்துவிட்டார். ஆறிப்போகும் புண்தானே என்று அடுத்த மூட்டத்துக்கு முன்பணமும் வாங்கிவிட்டார். மூன்று வாரம் ஓடிற்று. கஞ்சியும் இறங்காமல் வெறும் தண்ணீரில் வந்து நின்றது. அவருடைய உடம்பைப் பற்றிய செய்தியை நாங்கள் பூட்டி வைத்துக்கொண்டு, அவர் மட்டும் சரியான முடிவெடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். இது எந்த ஊர் நியாயம்?

ஒருநாள் இரவு அவர் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை. "பெத்தவன்கிட்டப் பொய் சொல்லவா தாயி உன்னயப் படிக்க வச்சேன்?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்காம் நாள் காலையில் இரண்டு ஆடுகளை விற்று முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தாத்தா பெயரில் இருந்த பட்டாவை மாற்ற ஆள் தேடினார். பிறகு, "எப்பப் போகணும் மதுரைக்கு?" என்றார். கதிர்வீச்சு முடிந்தபின் குழைந்த சோறு இறங்கியது. அந்தச் சோற்றைப் பிசைந்து கொடுத்த நாளை நான் மறக்கமாட்டேன்.

'சொன்னால் மனம் ஒடிந்துவிடுவார்' என்பார்கள் பெரியவர்கள். அது வெற்றுப் பேச்சு என்று நான் தள்ளவில்லை. கேட்காதவர் காதில் வலியப் போட்டுத் திணிக்கவும் சொல்லவில்லை. ஆனால் வாய் திறந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

நம் திருச்சுழியில் 1879இல் பிறந்தவர் ரமண மகரிஷி. 1949இல் அவருடைய இடக்கையில் முழங்கை அருகே தோன்றிய கட்டி, சர்க்கோமா என்னும் புற்றுநோய் எனத் தெரிந்தது. அறுத்து எடுத்தும் மீண்டும் மீண்டும் வளர்ந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு மறைந்தார். ஆன்மிகத்தை விட்டுவிடுங்கள், நடந்ததை மட்டும் பாருங்கள். நோய் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்தது. கை அவருடையது, முடிவும் அவருடையதாக இருந்தது. மகானுக்கு உண்டான அந்த உரிமை கரிமூட்டக்காரருக்கு இல்லையா?

ஆனால் ஒன்றில் மகானையும் குடும்பத்தாரையும் ஒன்றாக வைக்கலாகாது. அது வலி. 'பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்' என்று பிறருக்குச் சொல்ல நமக்கு உரிமையில்லை. அப்பாவுக்கு மார்பின் மாத்திரை எழுதித் தந்தபோது, "போதை மருந்தைக் கொடுத்து ஆளை முடிக்கப் பார்க்கிறார்கள்" என்று உறவினர் ஒருவர் கூவினார். வேதியியல் மாணவியாக இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அபினியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் மார்பின், மருத்துவர் அளவிட்டுத் தரும்போது வலியின் மருந்து. வலி வந்தபின் ஓடித் தேடுவதல்ல. கடிகாரம் பார்த்து வேளாவேளைக்குத் தருவது. மலச்சிக்கல் வரும், அதற்கும் கூடவே மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986லேயே இம்முறையைப் படிப்படியாக வகுத்துத் தந்தது. ஆனால் நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுகளால் நோயாளிக்கும் இம்மருந்து எட்டாக்கனியாயிற்று. 2014இல் செய்த திருத்தம் வழியை எளிதாக்கியது. சட்டம் திருந்தியபின்னும் நம் அச்சம் திருந்தவில்லை. வலியைத் தணிப்பது ஆளைக் கைவிடுவது ஆகாது.

துயரத்தைச் செயலாக்கியவர்கள் நம் நாட்டில் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவர் நெஞ்சில் கிடந்து, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை அதற்கே உழைத்தார். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்புச் சங்கமோ, அக்கம்பக்கத்தாரையே பயிற்றுவித்து நோயாளி வீட்டுக்கு அனுப்பியது. நம் மாநிலத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீடு தேடி வரும் நோய்த்தணிப்புச் சேவை உண்டு. இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? என் வீட்டுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

மாணவ நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். தறிக்காரர், பருத்திக் காட்டுக்காரர், மல்லி விதைப்பவர் வீட்டுப் பிள்ளைகள். மருத்துவச் சீட்டும் காப்பீட்டுப் படிவமும் நம் கைக்கே வரும். அவற்றைத் திருத்தமாகப் படித்து, உரியவருக்கு உண்மையாகச் சொல்வதும் கல்விதான். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். அதோடு, படுக்கையில் இருப்போர் வீடுகளுக்கு வாரம் ஒரு நாள் செல்லப் பயிற்சி தாருங்கள். மாத்திரை வேளையை எழுதி வைக்கவும், படிவம் நிரப்பவும், சற்று நேரம் உடனிருந்து பேசவும் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

இதை எழுதும் இவ்விரவில் அப்பா உள்ளே படுத்திருக்கிறார். பத்து மணி மாத்திரைக்கு இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. "என்ன தாயி எழுதுற?" என்று கேட்டார். "உங்களப் பத்தித்தான்ப்பா" என்றேன். "உள்ளத எழுது" என்றார்.