கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ். போதுமா?

நான் சாப்ட்வேர் என்ஜினியர் என்பதால், புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். பற்றி மட்டும் கேட்பதில்லை. "அது கேபினட்டோடு வந்துவிடும் சார்" என்று கடையிலும் சொல்லிவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் தேர்வு செய்ய வேண்டியதே அதுதான். வீட்டில் வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லா பாகங்களுக்கும் தருவது எஸ்.எம்.பி.எஸ். தரமில்லாத ஒன்று பழுதானால் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம். போர்டை வேறு வாங்கலாம். டிஸ்கில் இருந்த குடும்பப் படங்களை எந்தக் கடையில் வாங்குவது?

வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள். சிலவற்றில் 450 வாட்ஸ் என்று பெரிதாக இருக்கும். 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 × 18 = 216 வாட்ஸ்தான் அதில் கிடைக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் நம்பியிருப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் குறைவாக வீணாகும் என்பதற்கு மட்டுமே சான்று. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள்.

பட்ஜெட் இடித்தால் ராமைக் குறையுங்கள். காலியாக உள்ள ஸ்லாட்டில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.