உறுப்பு தானத்துக்கு குறுக்கே நிற்கும் கல்லீரல் வைரஸ்: கம்பம் பள்ளத்தாக்கு மக்களே உஷார்!

தேனி:

உடல் உறுப்பு தானம் செய்பவர்களின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படும் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்தார். சில நாட்களிலேயே அந்த மரியாதை முதன்முதலாக நம்ம சின்னமனூரில் நடந்தது. மாவட்டத்துக்கே பெருமை!

ஆனால் தானம் கொடுக்க மனசு இருந்தால் மட்டும் போதாது. மூளைச்சாவு அடைந்தவரின் ரத்தத்தில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். உறுப்பு பெறுபவருக்கு எதிர்ப்பு சக்தியை குறைக்கும் மருந்து கொடுக்கப்படுவதால், கூடவே வரும் வைரஸ் வேகமாக பெருகிவிடும். அதனால் வைரஸ் இருப்பவரின் உறுப்பை எல்லோருக்கும் பொருத்த முடியாது. குடும்பத்தின் பெரிய மனசு வீணாகவும் வாய்ப்பு உண்டு.

50 பேரில் ஒருவர்

உலக சுகாதார நிறுவன கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் 2 கோடியே 98 லட்சம் பேருக்கு பி வைரசும், 55 லட்சம் பேருக்கு சி வைரசும் இருந்தது. டவுன் பஸ்சில் 50 பேர் ஏறினால் ஒருவருக்கு பி வைரஸ் என்ற கணக்கு. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

விடிகாலையில் கம்பம், போடியில் இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் தொழிலாளி ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. நோவு இல்லாதபோது ரத்தம் கொடுக்க யார் போவார்? வயிறு வீங்கி ஆஸ்பத்திரிக்கு போகும்போது கல்லீரல் சுருங்கியிருக்கும். தானம் கொடுக்க நினைத்தவரே, கல்லீரல் கேட்டு வரிசையில் நிற்கும் நிலை!

கீழாநெல்லி போதுமா?

கெட்ட தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலை (ஏ, இ வகை) பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பெயர் வாங்குவது கீழாநெல்லி. பி, சி அப்படி இல்லை. கண்ணில் மஞ்சள் மறைந்தாலும் வைரஸ் உள்ளே தங்கலாம். ஒருவருக்கு போட்ட ஊசி, சவரக்கத்தி, பச்சை குத்தும் ஊசி, தாயிடமிருந்து குழந்தை, பாதுகாப்பற்ற உடலுறவு என பரவும். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது.

குழந்தைகளுக்கு பி தடுப்பூசி நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான். 30 வயதை தாண்டியவர்களில் பலர் அதை போட்டிருக்க மாட்டார்கள். சி வகையை 12 வார மாத்திரையில் 100-க்கு 95 பேருக்கு குணப்படுத்தலாம். பி வகையை மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். 2018-ல் தொடங்கிய தேசிய திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

மருந்து இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. தொழிலாளி வரட்டும் என்று காத்திருக்காமல், ஜீப் ஸ்டாண்டுக்கே பரிசோதனை முகாம் போக வேண்டும். செய்யுமா சுகாதாரத்துறை?